ஆறடி நடராசாவின் மரண விசாரணை

புதிதாக நியமனம் பெற்றிருக்கும் தம்பிமாரே, தங்கைமாரே, திடீர் மரண விசாரணை அதிகாரி என்ற நீண்ட பெயரோடு வன்னிக்குள் பல வருடங்கள் பிரேதங்களுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தவன் நான். பாம்பு கடித்தவர், குளத்தில் மூழ்கியவர், யானை அடித்தவர், பாலை மரத்தால் விழுந்தவர் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. படிவம் எப்படி நிரப்புவது என்று கந்தோரில் உங்களுக்குப் பழக்கியிருப்பார்கள். அதை நான் சொல்லப்போவதில்லை. எனக்கு வேலை பழக்கிய பெரியவரும் அதைச் சொல்லவில்லை. "சாப்பிட்டிட்டுப் போ. கதிரையைக் காத்து வாற பக்கம் போடு." அவர் எனக்குத் தந்த புத்திமதி இவ்வளவுதான். இரண்டும் நல்ல புத்திமதிகள், நான் கடைசிவரை கைவிடவில்லை. ஆனால் ஆறடி நடராசா செத்த அன்று இரண்டாலும் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை.

உங்களில் ஒருவருக்கும் நடராசாவைத் தெரிந்திருக்காது. யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரிக்குப் பாஸ்கற்போல் விளையாடியவர். அந்த விளையாட்டு அப்போது நாலைந்து கல்லூரிகளில்தான் இருந்தது. ஒரு இறுதி ஆட்டத்தில், விசில் ஊதக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, மைதானத்தின் நடுவில் நின்று அவர் எறிந்த பந்து வளையத்தில் முட்டாமலே உள்ளே விழுந்தது. தோற்றது என்னுடைய கல்லூரி. அன்று வயிறெரிந்து கூக்காட்டியவர்களில் நானும் ஒருவன். நாலு வருடம் கழித்து வவுனியா ஸ்ரேசனில் அதே மனிதன் ரயிலால் இறங்கியபோது, ஓடிப்போய் அவருடைய பெட்டியை வாங்கித் தூக்கிக்கொண்டு நடந்தவனும் நான்தான். ஏன் தூக்கினேன் என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது.

விசுவமடுப் பக்கத்தில் காடு வெட்டிக் குடியேற்றம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அங்கே ஓவசியராக வந்தார். வாய்க்கால் வெட்டுவிப்பதும் மதகு பார்ப்பதும்தான் வேலை. குடியேறியவர்களில் முக்கால்வாசிப் பேர் யாழ்ப்பாணத்தார். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று முறையிட வருகிறவன், வந்த விசயத்தை விட்டுவிட்டு, "ஐயா, அந்தப் பந்தை எப்பிடி எறிஞ்சனீங்கள்" என்று கேட்பான். கேட்டவன் எல்லாருமே அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவன். அந்தச் சின்ன மைதானத்தில் அவ்வளவு சனத்துக்கு நிற்க இடம் இருந்திருக்காது என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் உண்மையாகவே நின்றேன். நடராசா ஒருவரையும் மறுத்துப் பேசமாட்டார். வாசற்படியில் தலை முட்டாமல் குனிந்து உள்ளே வருவார், சிரிப்பார், "அது அப்ப" என்பார்.

அவர் கலியாணம் முடித்திருந்தார். பெண் கொக்கிளாயில் கடற்தொழில் செய்யும் கத்தோலிக்க வேதக்காரக் குடும்பத்துப் பிள்ளை, பெயர் பிலோமினா. பதிவுக் கலியாணம். யாழ்ப்பாணத்து வீட்டார் அதை ஏற்கவில்லை, ஏற்காததால் நடக்கவுமில்லை என்று வைத்துக்கொண்டார்கள். நாங்கள், அதாவது அவருடைய இரசிகர்கள், அதற்கும் ஒருபடி மேலே போய்விட்டோம். அந்தப் பெண்ணை நாங்கள் யோசிக்கவே இல்லை. இத்தனை வருடம் அவரைப் பற்றிக் கதைத்த எனக்கு, அந்த வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டதே தவிர முகம் தெரியாது.

குடியேற்றத் திட்டத்தின் வருட விழாவுக்கு ஒரு பாஸ்கற்போல் ஆட்டம் வைக்கவேண்டும் என்று இளைஞர் சங்கம் முடிவு எடுத்தது. ட்ரக்டர் ஓட்டும் கணேசன்தான் செயலாளர். பள்ளிக்கூட வளவில் இரண்டு பாலைமரத் தூண் நட்டு, பழைய வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டத்தை வளைத்து வளையம் பூட்டினார்கள். விளையாடத் தெரிந்தவர் ஒருவர்தான், ஆனால் விளையாட விருப்பமானவர்கள் இருபது பேர். நடுவராக, டிஸ்பென்சரியில் நோய் பார்த்து மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி. அவரும் அந்தப் புகழ்பெற்ற ஆட்டத்தை நேரில் பார்த்தவர், அதாவது பார்த்ததாகச் சொன்னவர்.

நான் மத்தியானமே போய் முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டேன். வெள்ளைச் சால்வை, சவரம், எல்லாம் கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரி. வெயில் சாய முன்னமே ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். நடராசா ஓடவில்லை. ஒரே இடத்தில் நின்று வந்த பந்தைத் திருப்பிக் கொடுத்தார். சனத்துக்கு அது காணாது. "ஐயா, ஒண்டு" என்று கத்தினோம். ஒன்று போட்டார். "இன்னொண்டு" என்று கத்தினோம். அதையும் போட்டார். போட்டுவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிலத்தில் இருந்தார். களைப்பாக்கும் என்று கைதட்டினோம். அவர் செத்துக்கொண்டிருந்தபோது நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம், அதுதான் நடந்தது.

அந்த நேரம் சனத்துக்குள்ளால் ஒரு பெண் ஓடிவந்தாள். அவருடைய தலையை மடியில் வைத்து, கையிலிருந்த கால் போத்தலிலிருந்து சிவப்பாக ஏதோ வாய்க்குள் ஊற்றினாள். பாதி கடைவாயால் வழிந்தது. இரண்டு மூச்சு, அவ்வளவுதான். போத்தலில் சாராயக் கடைச் சீட்டு அப்படியே ஒட்டியிருந்ததை முன்வரிசைக்காரர் எல்லாரும் கண்டோம். இருள முதலே கதை ஊர் முழுக்கப் போய்விட்டது: நல்லாயிருந்த மனிசன், அவள் எதையோ ஊத்தினாள், ஆள் அதோடை சரி.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் அரசாங்க டிஸ்பென்சரியில் மருந்து சும்மா, போத்தல் சும்மா இல்லை. தண்ணி மருந்து வேண்டுமென்றால் வீட்டிலிருந்து போத்தல் கழுவிக் கொண்டுபோகவேண்டும். காடு வெட்ட வந்தவர்களின் வீட்டில் வேறென்ன போத்தல் கிடக்கும்? குழந்தையின் இருமல் மருந்தும் சாராயக் கால் போத்தலில்தான் இருக்கும். நஞ்சு, நஞ்சு என்று சொன்ன ஒவ்வொருவனுடைய குசினியிலும் அப்படி ஒரு போத்தல் இருந்தது. என் வீட்டில் மூன்று இருந்தன. ஆனால் செத்தது நடராசா. ஆறடி நடராசா எங்களைப் போல வயிற்றுக்கடுப்பு, நெஞ்சுநோவு என்று டிஸ்பென்சரி வரிசையில் நிற்பார் என்று ஒருவருக்கும் நினைக்கத் தோன்றவில்லை.

அடுத்த நாள் காலை விசாரணை. சட்டம் தெரிந்தவர்கள் நீங்கள், என் பிழை இப்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் அந்த ஆட்டத்தை நின்று பார்த்தவன், சாட்சி சொல்லவேண்டியவன். விசாரிக்க முல்லைத்தீவிலிருந்து மற்ற அதிகாரியைக் கூப்பிட்டிருக்கவேண்டும். கூப்பிடவில்லை. நேரம் போதாது என்று காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. ஆறடி நடராசாவின் மரண அறிக்கையில் இன்னொருவன் கையெழுத்து வைப்பதை என்னால் தாங்க முடியவில்லை. இரசிகன் என்றால் அப்படித்தான், பிரேதத்திலும் ஒரு பங்கு வேண்டும்.

டிஸ்பென்சரி விறாந்தையில் பிரேதம். ஒரு வாங்கு நீளம் போதாமல் இரண்டு வாங்கைச் சேர்த்து வைத்திருந்தார்கள். குடையிலிருந்து கிழித்தெடுத்த கறுப்புத் துணி ஒவ்வொருவன் கையிலும் கட்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு காரும் ஒரு லொறியும் விடிய முன்னமே வந்துவிட்டன. கார்களில் பழைய மாணவர்களும் நடராசாவின் தமையனாரும், லொறியில் ஐஸும் கல்லூரிக் கொடியும். அன்று வளையத்துக்குள் விழுந்த அதே பந்து என்று ஒருவர் ஒரு பந்தைக் கொண்டுவந்து பிரேதத்தின் நெஞ்சில் வைத்தார். அதே பந்து தன்னிடம்தான் இருக்கிறது என்று இன்னொருவர் இன்னொன்றைக் கொண்டுவந்தார். சண்டை வரப் பார்த்து, இரண்டாவது பந்தைக் காலடியில் வைத்துச் சமாதானம் பண்ணினார்கள். நான் படிவத்தோடு கிட்டப் போகப் பார்த்தேன். கறுப்புத் துணி கட்டிய ஒருவன் என்னை மறித்து, "வரிசையிலை வாங்கோ ஐயா" என்றான்.

சிரிக்கிறீர்கள். ஆனால் அழுகை பொய்யில்லை. மண்வெட்டி பிடித்துக் கை காய்த்துப்போன ஆம்பிளையள் தூணில் தலையை முட்டி அழுதார்கள். நானும் அழுதேன். அந்த முகத்தைக் கிட்டப் பார்த்தபோது, இருபது வயதில் நான் கண்ட மிகப் பெரிய விசயம் முடிந்துபோனது என்று பட்டது.

பிரேதத்தை அடையாளம் காட்ட ஒருவர் வாருங்கள் என்றேன், வளவு முழுக்கக் கை உயர்ந்தது. வந்த ஒவ்வொருவரும் சத்தியம் பண்ணிவிட்டு அந்தப் பழைய ஆட்டத்தைச் சொன்னார்கள். கடைசியாகப் பேசியது எப்போது, சாப்பாடு எப்படி, நித்திரை எப்படி, வருத்தம் ஏதும் இருந்ததா என்று கேட்டால் மறுமொழி இல்லை. தமையனார் நாலு வருடமாகத் தம்பியின் முகத்தைப் பார்க்காதவர். "இரும்பு மாதிரி ஆள். தடிமன்கூட வாறதில்லை" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

கணேசனைக் கேட்டேன். கண் வீங்கியிருந்தது.

"மூண்டு தரம் வீட்டை போய்க் கேட்டனாங்கள் ஐயா. மூண்டாந் தரம்தான் ஓம் எண்டவர்."

முதல் இரண்டு தரமும் ஏன் மாட்டேன் என்றார் என்று நான் கேட்கவில்லை. சின்னப் பிள்ளைக்கும் வருகிற கேள்வி அது. கேட்டால் மறுமொழி வந்துவிடும் என்று மனதுக்குள் எங்கேயோ பயம் இருந்திருக்கவேண்டும்.

தமையனார் மேசைக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "அந்த மனிசி ஊத்தினதை இவ்வளவு சனமும் கண்டது. அதைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை, அது பொலிசின்ர வேலை. உடம்பை எங்களிட்டைத் தாங்கோ. கல்லூரியிலை வைச்சுத்தான் எடுக்கவேணும். அங்கை சனம் காத்துக்கொண்டு நிக்குது."

மற்றப் பக்கத்தில் ஊர் நிர்வாகம் பார்க்கும் விதானையார் நின்றார். "கெதியா முடியுங்கோ ஐயா. பொடியள் கொதிச்சுக்கொண்டு நிக்கிறாங்கள், அவளை என்ன செய்வாங்களோ தெரியாது. அங்காலை ஐஸும் கரையுது."

பிரேதத்தையும் போத்தலையும் வவுனியாவுக்குப் பெரிய வைத்தியரிடம் அனுப்பலாம். அனுப்பினால் மறுமொழி வரும்வரை பிலோமினாவைப் பொலிஸ் வைத்திருக்கும். அதற்குள் இந்தச் சனம் அவளுடைய வீட்டைக் கொளுத்தினாலும் கொளுத்தும். நான் வேறு வழி கண்டுபிடித்தேன். இயற்கை மரணம் என்று எழுதிவிடுவது, போத்தலைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் விடுவது, உடம்பைத் தமையனிடம் கொடுத்துவிடுவது. அவளுக்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லது என்று நினைத்தேன். புத்திசாலித்தனம் என்றுகூட நினைத்தேன். புருசனுடைய உடம்பும் போய், நஞ்சு வைத்தவள் என்ற பெயரோடு அந்தப் பெண் சாகும்வரை அந்த ஊரில் இருக்கவேண்டும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

பேனையை எடுத்துவிட்டேன். முடிக்குமுன் கேட்கவேண்டிய வழமையான கேள்வி ஒன்று இருக்கிறதே, வேறு யாருக்கும் ஏதும் சொல்ல இருக்கிறதா என்று, அதை வாய்ப்பாடு மாதிரிக் கேட்டேன்.

"ஐயா, என்னை ஒண்டும் கேக்கேல்லையே."

விறாந்தையின் கடைசிப் படியில், பொலிஸ்காரர் பக்கத்தில், அந்தப் பெண் இருந்தார். போத்தல் இன்னும் கையில் இருந்தது. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். எழுந்து வந்தபோது சனம் ஒதுங்கியது, மரியாதையால் இல்லை.

"பேர்?"

"பிலோமினா."

"செத்தவர் உங்களுக்கு என்ன முறை?"

"என்ர மனுசன்."

தமையனார் பின்னால் நின்று செருமினார். "அத்தாட்சியைக் கேளுங்கோ."

பிலோமினா மடியிலிருந்து நாலாக மடித்த கடதாசியை எடுத்து மேசையில் வைத்தார். முல்லைத்தீவில் பதிந்த விவாகப் பத்திரம். நேற்றுப் பின்னேரத்திலிருந்து அது அவருடைய மடியில்தான் இருந்திருக்கிறது. ஒருவரும் கேட்கவில்லை. கேட்கச் சம்பளம் வாங்குகிற நானும் கேட்கவில்லை.

சொல்லுங்கள் என்றேன். அழாமல் சொன்னார்.

"மாரி முடிஞ்சதிலை இருந்து அவருக்கு நெஞ்சுக்குள்ளை இறுக்கம். படுத்தா மூச்சு விடேலாது, சுவரிலை சாஞ்சு கொண்டுதான் விடியுமட்டும் இருப்பார். டிஸ்பென்சரியிலை மருந்து எடுத்தவர். ஒரு சாக்கும் தூக்கக் கூடாது எண்டு அப்போதிக்கரி ஐயா சொன்னவர். இவையள் வந்து கேட்டாப்போலை ரெண்டு தரம் மாட்டன் எண்டார். மூண்டாந் தரம் ஓம் எண்டிட்டார். நான் சண்டை பிடிச்சனான். போய்ச் சும்மா நிண்டிட்டு வாறன், இல்லையெண்டால் சனத்துக்கு மனம் முறிஞ்சு போகும் எண்டார். மருந்துப் போத்தலை விட்டிட்டுப் போனார். நான் அதை எடுத்துக்கொண்டு ஓடினன்."

"எத்தினை மணிக்குப் போய்ச் சேந்தனீங்கள்?"

"மணி தெரியாது. ஒண்டு போட்டு முடிஞ்சு, இன்னொண்டு போடச் சொல்லி எல்லாரும் கத்திக்கொண்டு நிண்டவை. அவர் நெஞ்சிலை கை வைச்சதைக் கண்டனான். முன்னுக்குப் போகப் பாத்தன். முன்னுக்கு நிண்ட ஒருத்தர் விடேல்லை. திரும்பிப் பாராமலே, பிள்ளை மறைக்காதேங்கோ எண்டு சொல்லிக் கையை நீட்டி மறிச்சுப் போட்டார். பந்து விழுந்தாப் பிறகுதான் கையை எடுத்தவர்."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். 'கையை நீட்டி' என்று எழுதும்போது பேனை நின்றுவிட்டது. நேற்று என் இடது கையில் ஏதோ வந்து முட்டியதும், நான் எரிச்சலோடு தள்ளியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முகத்தைப் பார்க்கவில்லை. நான் பந்தை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்காமல் விட முடியாது. இப்படி ஒரு சாட்சியம் வந்தால் அடுத்த கேள்வி அதுதான். படிவத்திலிருந்து நிமிராமலே கேட்டேன்.

"அது ஆரெண்டு தெரியுமோ?"

பிலோமினா மேசைக்குக் கிட்டக் குனிந்தார். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"நீங்கள்தான் ஐயா. காலமை வந்து இறங்கேக்குள்ளையே முதுகிலையும் குரலிலையும் கண்டுபிடிச்சிட்டன்." பிறகு அதே குரலில், "அதை எழுதினாலும் சரி, விட்டாலும் சரி. அவரை என்னட்டைத் தாங்கோ. நான் நஞ்சு வைச்சனானெண்டு சொல்லிக்கொண்டு இந்தச் சனம் அவரைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது."

'பார்வையாளர் ஒருவர் தடுத்தார், பெயர் தெரியவில்லை' என்று எழுதினேன். என் உத்தியோகத்தில் நான் தெரிந்தே எழுதிய பொய் அந்த ஒரு வரிதான். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் அந்த வரியை எழுதிய வெட்கத்தில் செய்தது. துணிவு என்று எண்ணிவிடாதீர்கள்.

அப்போதிக்கரியைக் கூப்பிட்டேன். அந்த மனிதன் காலையிலிருந்து மருந்து அறைக்கதவின் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நேற்றைய விசில் இன்னும் கழுத்தில் தொங்கியது, கழற்ற மறந்துவிட்டார்.

"நடராசா உங்களிட்டை மருந்து எடுத்தவரோ?"

"எத்தினையோ பேர் வருகினம். எல்லாற்றையும் ஞாபகம் இருக்குமே?"

"ஆறடி ஆள். கதவுக்குள்ளாலை குனிஞ்சுதான் வந்திருப்பார். ஞாபகம் இல்லையோ?"

நோயாளர் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள் என்றேன். கொண்டுவரவில்லை. "ஓம், எடுத்தவர்" என்றார். "நெஞ்சு பலவீனம். பாரம் தூக்காதேங்கோ எண்டு சொன்னனான்."

"சொல்லிப்போட்டு விசிலும் ஊதினனீங்கள்."

"ஐயா, நானும் பாக்க ஆசைப்பட்டனான்" என்று சொல்லி விம்மினார். அந்த மறுமொழிக்கு மேல் அவரைக் குத்த எனக்கு என்ன யோக்கியதை?

பிலோமினாவிடமிருந்து போத்தலை வாங்கிக் காட்டினேன். "இது உங்கடை மருந்தோ?"

"நிறத்தைப் பாத்தால் அப்பிடித்தான் கிடக்கு."

பின்னால் சனம் இரைந்தது. நிறத்தைப் பார்த்தால் என்ன, உள்ளே என்ன கலந்ததோ என்று ஒரு குரல் கேட்டது. "அவளுக்கு வக்காலத்து" என்றான் இன்னொருவன். கணேசனின் ஆட்கள் விறாந்தையில் ஏறத் தொடங்கினார்கள், பொலிஸ்காரர் தொப்பியைச் சரிசெய்தார். இனிப் பேச்சால் ஆகாது என்று விளங்கிவிட்டது.

"குடியுங்கோ" என்றேன் அப்போதிக்கரியிடம்.

அவர் என்னைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், பிலோமினாவைப் பார்த்தார். பிறகு மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தார். மனிதன் அந்த ஒரு விசயத்தில் கோழையில்லை. சனம் அமைதியாகி, அவர் எப்போது விழுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றது. கால் மணித்தியாலம் இருக்கும். முந்தின நாள் நடராசாவைப் பார்த்த அதே கவனத்தோடு பார்த்தார்கள். அவர் விழவில்லை. விக்கல் மட்டும் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சனத்தின் முகத்தில் ஒருவித ஏமாற்றம் பரவியது, பிறகு வெட்கம். கணேசன்தான் முதலில் விறாந்தையால் இறங்கினான். நிலத்தில் குந்தியிருந்து, "மூண்டு தரம் போனமே, மூண்டு தரம் போனமே" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

நீங்கள் இப்படிச் செய்யவேண்டாம். தடயத்தைச் சாட்சிக்காரனுக்குக் குடிக்கக் கொடுப்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. மேலிடத்துக்குத் தெரிந்திருந்தால் என் உத்தியோகம் அன்றோடு சரி. நான் செய்திருக்கவேண்டியது மிகச் சுலபமானது: அந்த வளவுக்குள் காலடி வைக்க முன்னமே, நேற்று நான் எங்கே நின்றேன், என்ன செய்தேன் என்று என்னை நானே விசாரித்திருக்கவேண்டும். இறந்தவரில் உங்களுக்கு ஆசை இருந்தாலும் கோபம் இருந்தாலும் பக்கத்துப் பிரிவு அதிகாரியைக் கூப்பிடுங்கள். அவருக்கு வழிச்செலவுப் பணம் கிடைக்கும், உங்களுக்கு நித்திரை மிச்சம்.

இருதய நோயால் ஏற்பட்ட இயற்கை மரணம் என்று எழுதி, உடம்பை மனைவியிடம் ஒப்படைப்பதாக வாசித்தேன். தமையனார் பாய்ந்தார். "கல்லூரிக்கு என்ன மறுமொழி சொல்லுறது? ஐஸ் கொண்டுவந்திருக்கிறம்."

பிலோமினா அவருக்கு முன்னால் போய் நின்றார். "அத்தான், அவரை அவற்றை முறைப்படியே எரிப்பம். கொள்ளி வைக்க எங்களுக்குப் பிள்ளை இல்லை, நீங்கள்தான் வைக்கவேணும். ஆனால் இங்கை. இந்த ஊரிலைதான் அவர் என்னோடை இருந்தவர்."

தம்பியின் மனைவி என்ற முறையில் அவரை அதுவரை ஒருவரும் அத்தான் என்று கூப்பிட்டிருக்கமாட்டார்கள். தமையனார் தோளிலிருந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். பிலோமினா பிரேதத்துக்குக் கிட்டப் போய் நெஞ்சிலிருந்த பந்தை எடுத்துப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தார். "பாரமாக் கிடக்கும்" என்றார். காலடியில் இருந்ததைக் கொண்டுவந்தவர் தானாகவே எடுத்துக்கொண்டார்.

பிறகு நடந்தது உங்களுக்கும் தெரிந்த மாதிரித்தான். முப்பத்தோராம் நாள் கிரியை கழிந்ததும் இரங்கற் கூட்டம். பள்ளிக்கூட வளவில் சீமெந்துத் தூண் எழுப்பினார்கள். அதில் நினைவுக் குழுவின் தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்களெல்லாம் பெரிதாகவும், மிச்ச இடத்தில் நடராசாவின் பெயரும் பொறித்தார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். பேசினேனே. கடைசி ஆட்டத்தை நேரில் கண்டவன் என்று சொல்லித்தான் பேசினேன். நன்றாகக் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து மத்தியானச் சோற்றைத் தொடமுடியாமல் கை கழுவிவிட்டேன்.

அந்தப் பகுதியின் இறப்புப் பதிவும் அப்போது என் கையில்தான் இருந்தது. கூட்டம் முடிந்து சில நாளில், மரண அத்தாட்சிப் பத்திரம் எடுக்க பிலோமினா என் கந்தோருக்கு வந்தார். கொக்கிளாய்க்குத் தாய் வீட்டோடு போய்விட்டதாகவும் விடியப் பஸ் எடுத்ததாகவும் சொன்னார். நான் எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டேன். சொல்லவேண்டியதை நாலைந்து நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"பிள்ளை, அண்டைக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"விடுங்கோ ஐயா" என்றார். பத்திரத்தை வாங்கி மடியில் வைத்தார். எழும்பவில்லை. சீலைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு சொன்னார்.

"நான் அவர் விளையாடி ஒரு நாளும் கண்டதில்லை. கலியாணம் முடிச்சதுக்குப் பிறகு அவர் பந்தே தொடேல்லை. அண்டைக்கும் பந்து போடேக்கை உங்கடை முதுகைத்தான் கண்டனான்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அந்தக் கடைசிப் பந்தை நீங்கள் வடிவாப் பாத்திருப்பியள். எப்பிடிப் போட்டவர் எண்டு ஒருக்கால் சொல்லுங்கோவன்."

அதைக் கூட்டத்தில் நூறு பேருக்கு முன்னால் சொன்னவன் நான். எழும்பி நின்றேன். நடராசா நின்ற மாதிரி முழங்காலைக் கொஞ்சம் மடித்து, இரண்டு கையாலும் இல்லாத பந்தைப் பிடித்து, நெஞ்சுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். அந்த இடத்தில் அவர் ஒரு கணம் நின்றார் என்பதும், அவர் முகம் சுருங்கியதும், நான் அதைக் கண்டும் கத்தியதும் அப்போது என் கண்ணுக்கு முன்னால் வந்தன. பிலோமினா கண்ணை எடுக்காமல் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகளை அதற்குமேல் என்னால் உயர்த்த முடியவில்லை.